டோக்கனைத் தின்றது யார்?

பஸ் டிக்கெட் ஆப் நடத்தும் தணிகாசலம் காலையிலிருந்து உட்காரவே இல்லை. ஆப்பில் பதில் சொல்லும் ஏஐ படிப்பதற்கும் எழுதுவதற்கும் டோக்கன் கணக்கில், அதாவது சொல் துண்டுக்கு இவ்வளவு என்று, காசு. இந்த மாத பில் முந்நூறு மடங்கு.

"டோக்கனைத் தின்னது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. அந்த ஆள் சம்பளத்துல பிடிக்கிறேன். இல்லேன்னா உன் சம்பளத்துல," என்றார், புதிதாகச் சேர்ந்த செல்வராணியிடம்.

"எழுதிக் குடுங்க சார்."

கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

மாலை எல்லோர் முன்னாலும் அவள் திரையைக் காட்டினாள். 'பஸ் எப்போ வரும்?' என்ற கேள்விக்குப் பத்து டோக்கன். பதிலுக்கு இருபது. அதற்கு முன் ஏஐ படித்தது ஒன்பதாயிரம்.

"அது என்ன எழவு?"

"போன மாசக் கடைசில நீங்க சேர்க்கச் சொன்ன உங்க வாழ்க்கை வரலாறு சார். யார் எதைக் கேட்டாலும் அதை முழுசாப் படிச்சுட்டுத்தான் பஸ்ஸுக்கு வருது. பிடித்தம் மொத்தமாவா, மாசா மாசமா?"

தணிகாசலம் அப்போதுதான் உட்கார்ந்தார்.