மூன்றாம் முறையும் மாட்டேன் என்றவள்

கப்பல்கள் பாய் கட்டிக் காற்றை நம்பி ஓடிய காலம். நாகப்பட்டினத்துக் கடற்கரைத் தெருவில் அஞ்சலை என்று ஒரு மீன்காரி இருந்தாள். பெரியவர்களோ சின்னவர்களோ, கதை கேட்க வந்தவர்கள் எல்லோரும் கிட்டே வந்து உட்காருங்கள். அஞ்சலையைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் குரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தெருவின் இந்த முனையில் அவள் "மத்தி, மத்தி" என்று கூவினால், அந்த முனையில் தூங்கிக்கொண்டிருந்த பூனைகள் எழுந்து உட்காரும்.

அந்தக் குரலுக்காக அவள் வாங்காத பேச்சு இல்லை. "மெதுவாப் பேசுடி" என்றாள் அம்மா. "மெதுவாப் பேசு" என்றான் அண்ணன். "கொஞ்சம் மெதுவாப் பேசினா என்ன, ஆத்தா?" என்றது தெரு. மூன்று பேருக்கும் அஞ்சலை ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"மாட்டேன்."

ஒருநாள் நார்வே நாட்டு மாலுமி ஒருவன் மீன் வாங்க வந்தான். அவள் கூவியதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "எங்க பக்கத்துல ஸ்டில்லெவிக்னு ஒரு கிராமம் இருக்கு. அங்க யாருமே சத்தம் போட மாட்டாங்க" என்றான்.

"அப்படியும் ஒரு ஊரா? அதை நான் பார்த்தே ஆகணும்" என்றாள் அஞ்சலை.

அம்மா அழுதாள், அண்ணன் குதித்தான், தெரு சிரித்தது. அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டாள். எட்டு மாதப் பயணம். சும்மா இருக்கிற வாயா அது? மாலுமியோடு பேசிப் பேசியே அவன் மொழியைக் கற்றுக்கொண்டாள். நார்வேயில் அவள் எப்படிப் பேசினாள் என்று என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு கோடைக்காலையில் கப்பல் அவளை ஸ்டில்லெவிக்கில் இறக்கிவிட்டது. நாலாம் நாள் வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. நடுவில் ஒடுங்கி உள்ளே வந்த கடல், ஏரிபோல அசையாமல் கிடந்தது. கரையில் இருபத்திரண்டு மரவீடுகள். கூரைமேல் ஓடு இல்லை, புல் வளர்ந்திருந்தது. ஒரு கூரைமேல் ஆட்டுக்குட்டி ஒன்று நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மரச்சட்டங்களில் பெரிய பெரிய மீன்களைக் காயப் போட்டிருந்தார்கள். ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை. உப்புப் போடாமல் ஒரு கருவாடா என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

வலை பின்னுகிறவர் ஒருவரிடம் போய், "ஐயா, சௌக்கியமா?" என்றாள். அவர் புன்னகை செய்து தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வெண்ணெய் கடைகிற பெண்ணைக் கேட்டாள். அவளும் புன்னகை செய்து தொண்டையைத் தொட்டாள். கோயில் வாசலில் நின்ற பாதிரியாரைக் கேட்டாள். அவரும் அப்படியே. நல்ல மரியாதைக்காரர்கள் என்று முதலில் நினைத்தாள். நேரம் ஆக ஆக அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தை அழுவதற்குக்கூடச் சத்தம் இல்லாத ஊர் அது.

அப்போதுதான் மலைச்சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. உயரத்தில் தொடங்கி, வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கும் நீளமான குரல். அதைக் கேட்டு நாற்பது ஆடுகள் மணி குலுங்க மலையிலிருந்து இறங்கி வந்தன. அவற்றுக்குப் பின்னால் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண் வந்தாள். அவள் பெயர் குன்வோர். அந்த ஊரில் மிச்சம் இருந்த ஒரே குரல் அவளுடையது.

குன்வோர் அஞ்சலையை வீட்டுக்கு அழைத்துப்போனாள். மேசைமேல் மெல்லிய ரொட்டியும், ஆட்டுப்பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த பழுப்புக் கட்டியும் இருந்தன.

"சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன்க்கா" என்று அஞ்சலை உட்கார்ந்துவிட்டாள்.

குன்வோர் திகைத்து நின்றாள். "முதல் தடவையே சரின்னுட்டியே. நான் இன்னும் ரெண்டு தடவை கேட்க வேண்டாமா?"

"எதுக்கு?"

"எங்க ஊர் வழக்கம் அது. யார் என்ன கேட்டாலும் முதல் தடவை வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவையும் வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவை சரின்னு சொல்லிடணும். மூணாவதும் மறுத்தா, கேட்டவங்களை அவமானப்படுத்தின மாதிரி."

"எனக்குப் பசிக்குதுக்கா" என்றாள் அஞ்சலை. பழுப்புக் கட்டியை ஒரு கடி கடித்தாள். இனிப்பாக இருந்தது. ஆனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்கவே விடவில்லை. அஞ்சலை அத்தனை நேரம் பேசாமல் இருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் குன்வோர் ஊரின் கதையைச் சொல்லி முடித்தாள்.

அருவிக்குப் பின்னால் ஒரு மலைப்பூதம் இருந்தது. வெயில் பட்டால் கல்லாகிவிடும் என்பதால் மூடுபனியில் நெய்த ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு நடமாடும். வருஷத்தின் மிக நீண்ட நாளன்று, சூரியனே மறையாத அந்த நாளில், ஒரு தோல்பையோடு ஊருக்குள் வரும். ஒரு வீட்டின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வீட்டாரின் குரல்களைக் கேட்கும். குரலைப் பிடுங்கினால் அது வெறும் காற்று. மனசாரக் கொடுத்தால்தான் பைக்குள் நிற்கும். அதனால் பூதம் மரியாதையாகக் கேட்கும். மூன்று தடவை கேட்கும்.

"நீங்க ரெண்டு தடவை மறுத்துட்டு, மூணாவது தடவை…" அஞ்சலைக்கு வாய் திறந்துவிட்டது. "பூதத்துக்கா, அக்கா? பூதத்துக்கா மரியாதை?"

"வாசல்ல வந்து உட்கார்ந்தா விருந்தாளிதானே" என்றாள் குன்வோர். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. "இருபத்தியோரு வீடு முடிஞ்சுது. நாளை மறுநாள் என் வீடு. என் குரலுக்கு மட்டும்தான் ஆடுங்க இறங்கி வரும். நான் ஊமையாயிட்டா அதுங்க மலையிலேயே பனியில செத்துப்போகும். பாலும் இல்லை, கட்டியும் இல்லை. குளிர்காலத்துல இந்த ஊர் என்னத்தைத் தின்னும்?"

"மூணாவது தடவையும் மறுத்தா என்ன ஆகும்?"

"தெரியாது. யாரும் மறுத்ததில்லை."

எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஆத்திரம் வரும். ஒரு ஊரே நல்லவர்களாக இருந்து நாசமாகப் போவதை எப்படிச் சும்மா சொல்லிவிட்டுப் போவது? அஞ்சலைக்கும் அதே ஆத்திரம்தான். இரண்டு நாளும் அவள் குன்வோரை விடவில்லை.

"உன் சால்வையை எனக்குத் தர்றியா?"

"மாட்டேன்."

"தர்றியா?"

"மாட்டேன்."

"தர்றியா?"

"சரி, எடுத்துக்கோ" என்பாள் குன்வோர். சொல்லிவிட்டு அவளே தலையில் அடித்துக்கொள்வாள். சால்வை போனது, சட்டி போனது, கட்டில்கூடப் போனது. எல்லாவற்றையும் அஞ்சலை திருப்பிக் கொடுத்தாள். ஆனால் குன்வோரின் வாயிலிருந்து மூன்றாவது மாட்டேன் மட்டும் வரவே இல்லை.

நீண்ட நாளும் வந்தது. உச்சி வெயிலில் ஊர் தகதகத்தது. அருவிப் பக்கமிருந்து பூதம் நடந்து வந்தது. பனைமர உயரம், பாசி படிந்த தாடி, முழங்கை நீள மூக்கு, தலையில் சாம்பல் நிற மூடுபனித் தொப்பி. மூன்று முடிச்சுப் போட்ட தோல்பையைத் தோளில் மாட்டியிருந்தது. வாசல் பெஞ்சில் பதவிசாக உட்கார்ந்தது. ஊரார் எட்டி நின்று தலை குனிந்துகொண்டார்கள்.

"குன்வோர் அம்மா, உங்கள் குரலை எனக்குத் தருவீர்களா?"

"மாட்டேன்" என்றாள் குன்வோர்.

"அன்பாகக் கேட்கிறேன். தருவீர்களா?"

"மாட்டேன்."

பூதம் மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தது. குன்வோரின் உதடு சரி சொல்லத் தானாகப் பிரிந்தது. அஞ்சலை அதைப் பார்த்துவிட்டாள். கதவுக்கு உள்ளே மேசையிலிருந்த பழுப்புக் கட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து, குன்வோரின் வாயில் திணித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூதத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா சாப்பிட்டு முடிக்கட்டும். அதுவரைக்கும் என்னைக் கேளு."

அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். பூதத்தின் காது விடைத்தது. இருபத்தியோரு வீட்டுக் குரலையும் சேர்த்தால்கூட இது வராது என்று அதற்குப் புரிந்துவிட்டது. நாக்கில் எச்சில் ஊறியது.

"அம்மணி, உங்கள் குரலைத் தருவீர்களா?"

"மாட்டேன்."

"தருவீர்களா?"

"மாட்டேன்."

மூன்றாவது தடவை பூதம் அவசரப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டது. ஒருவர் குரலைக் கேட்டாலே அவர் மனசின் ஏக்கமும் அதற்குக் கேட்டுவிடும். "யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதவராக வீடு திரும்பினால் உங்கள் அம்மா சந்தோஷப்படுவாள். அண்ணன் சந்தோஷப்படுவான். தெருவே உங்களை நல்ல பெண் என்று சொல்லும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? அதற்காகவாவது தருவீர்களா?"

அஞ்சலைக்கு வலித்தது. உண்மையாகவே வலித்தது. ஒருவரும் சொன்னதில்லை. அம்மா ஒரு தடவை தலையைத் தடவி, என் பெண் நல்ல பெண் என்று சொல்லமாட்டாளா என்று அவள் ஏங்கிய நாட்கள் உண்டு. அவள் தலை குனிந்ததும் வலை பின்னுகிறவர் கண்ணை மூடிக்கொண்டார். இவளும் போனாள் என்று நினைத்துவிட்டார்.

அஞ்சலை நிமிர்ந்தாள். "நல்ல பேரு வேணும்தான். ஆனா அதை வாங்கிட்டு வந்து, வாங்கினேன்னு சொல்றதுக்குக்கூட எனக்குக் குரல் வேணுமே. மாட்டேன்" என்றாள்.

பையின் முதல் முடிச்சு தானாக அவிழ்ந்தது.

"தருவீர்களா?" என்றது பூதம் நாலாவதாக.

"எங்க மீன் கடையில மூணாவது தடவைக்கு அப்புறம்தான் பேரமே ஆரம்பிக்கும். சாயங்காலம் வரைக்கும் கேளு. மாட்டேன்."

இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்தது. பூதத்துக்கு வியர்த்துவிட்டது. அது சட்டென்று குன்வோர் பக்கம் திரும்பியது. "இவள் வெளியூர்க்காரி, வழக்கம் தெரியாதவள். நீங்கள் தெரிந்தவர், மரியாதை உள்ளவர். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். தருவீர்களா?"

குன்வோர் வாயிலிருந்த கடைசித் துண்டை விழுங்கினாள். ஊரைப் பார்த்தாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். அஞ்சலை ஓரமாக ஒதுங்கினாள். இது அக்கா சொல்ல வேண்டிய சொல் என்று அவளுக்குத் தெரியும்.

குன்வோர் மூச்சை இழுத்து, ஆடுகளைக் கூப்பிடும் அதே குரலில், உயரத்தில் தொடங்கி நீளமாகச் சொன்னாள்.

"மாட்டேன்."

இந்தப் பக்கத்து மலை மாட்டேன் என்றது. அந்தப் பக்கத்து மலை மாட்டேன் என்றது. அருவிக்குப் பின்னால் இருந்த குகையும் மாட்டேன் என்றது. தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நாற்பது ஆடுகளும் மணி குலுங்க ஓடிவந்தன. பூதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்நூறு வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அது கேட்டதே இல்லை. குழம்பிப்போனால் நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதையே அதுவும் செய்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது.

மறையாத சூரியன் அதற்காகவே காத்திருந்தது. தலையில் வைத்த கையோடு பூதம் கல்லாகிவிட்டது.

மூன்றாவது முடிச்சு அவிழ்ந்து பை வாய் பிளந்தது. குரல்கள் எல்லாம் வெளியே பறந்து அவரவர் தொண்டையில் போய் உட்கார்ந்தன. குழந்தை முதலில் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அதன் தாய் வாய்விட்டுச் சிரித்தாள். பாதிரியார் பாட ஆரம்பித்தார். வலை பின்னுகிறவர் தொண்டையைச் செருமி, பதினெட்டு வருஷமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைத் தன் மனைவியிடம் சொன்னார்: "சூப்புல உப்பு பத்தலை."

"நான் வந்த அன்னைக்கே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் அஞ்சலை.

நாலாம் நாள் கப்பல் வந்தது. ஊரார் பழுப்புக் கட்டியும் கம்பளியும் கொண்டுவந்து, "எடுத்துக்கொள்வாயா?" என்றார்கள். முதல் தடவையே வாங்கிக்கொண்டாள். குன்வோர் மட்டும் கைகளைப் பிடித்துக்கொண்டு, "இங்கேயே இருந்துடுறியா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அஞ்சலை மாட்டேன் என்றாள். மூன்றாவது தடவை குன்வோர் அழுதுகொண்டே சிரித்தாள்.

எட்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்தில் இறங்கியதும் அஞ்சலை, "அம்மா" என்று ஒரு கூப்பாடு போட்டாள். தெருமுனைப் பூனைகள் எழுந்து உட்கார்ந்தன. அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "மெதுவாப் பேசுடி" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. பதினாறு மாதமாகத் தெரு எவ்வளவு அமைதியாகக் கிடந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

"இன்னொரு தரம் கூப்பிடுடி" என்றாள்.

கூப்பிட்டாள். "இன்னொரு தரம்" என்றாள் அம்மா. கூப்பிட்டாள். மூன்றாவது தரமும் கேட்டாள் அம்மா. அந்த மூன்றாவது கூப்பாடு தெரு முழுக்கக் கேட்டது. நான் சொன்ன கதையும் அவ்வளவு தூரம் கேட்டிருந்தால் எனக்கு அதுவே போதும்.