ஒரு சொட்டுப் போதும் அரசே

முன்னொரு காலத்தில், தூரதேசத்துக் கப்பல்கள் வந்து போகிற கடற்கரையில் குங்கிலியபுரி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் கோலாகல ராசா. நல்ல மனுஷர்தான், ஆனால் எதிலும் அளவு தெரியாது. பாயசம் பிடித்தால் அண்டாவோடு கேட்பார். பாட்டுப் பிடித்தால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டும்வரை விடமாட்டார்.

அந்த ஊரில் அழகம்மை என்று ஒரு பெண் வாசனைத் தைலம் வடித்துப் பிழைத்தாள். கிராம்பும் ஜாதிக்காயும் சாம்பிராணியும் அகிலும் சேர்த்து அவள் வடித்த புதுத் தைலம் ஒன்று அரண்மனைக்கு வந்தது. ராசா காதோரம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். வைத்ததும் கிராம்பு காரமாக மூக்கில் ஏறியது. சற்று நேரத்தில் காரம் அடங்கி, கோயிலுக்குள் நிற்பதுபோல் சாம்பிராணி எழுந்தது. சாயங்காலம் அகில் வாசனை மட்டும் மிஞ்சி, உடம்பில் இதமாகத் தங்கியது. ராசா சொக்கிப்போனார். அன்றே அவளை அரண்மனைத் தைலக்காரி ஆக்கினார். ஒரு சொட்டுப் போதும், தினமும் வேண்டாம் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். யார் கேட்டது?

மறுநாள் நாலைந்து சொட்டு. அடுத்த வாரம் உள்ளங்கை நிறைய. தினமும் பூசிப் பூசி ராசாவின் மூக்கு மரத்துப்போனது. வாசனை தெரியவில்லையே என்று இன்னும் பூசினார். பூசப் பூச இன்னும் தெரியவில்லை. கடைசியில் கிண்ணத்தோடு தலையில் ஊற்றிக்கொண்டார். சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ராசாவின் பெருமையை நினைத்து வந்த ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தார்கள், பாவம்.

சபையில் தண்டபாணி ராயர் என்று ஒருவர். முன்பெல்லாம் அரண்மனைக்குச் சந்தனம் கொடுத்தது அவருடைய மச்சினன். அழகம்மை வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அந்த வயிற்றெரிச்சல் ராயருக்கு ஆறவேயில்லை. ஒருநாள் ராசா, "இந்தத் தைலத்தில் வாசனையே இல்லையே" என்று முகம் சுளித்ததுதான் தாமதம், ராயர் எழுந்து நின்றார்.

"நானும் கவனித்தேன் அரசே. துளிகூட மணக்கவில்லை. அந்தப் பெண் தண்ணீரைக் கலந்து ஏமாற்றுகிறாள்" என்றார். சளி பிடித்தவர்போல மூக்கடைத்த குரலில் சொன்னார்.

ராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைப் பொழுது சாய்வதற்குள் அவள் ஊரை விட்டே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். கண் எரிந்துகொண்டிருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அழகம்மை மந்திரி சொக்கேசரிடம் ஓடினாள். "ஐயா, அகில் கட்டை வாங்கக் கப்பலேறிப் போன என் வீட்டுக்காரர் இந்த மாசம் திரும்பணும். வந்து பூட்டின கதவைப் பார்த்தா, எங்கேன்னு என்னைத் தேடுவார்?" என்று அழுதாள். மந்திரிக்கு அவளுக்கு உதவத்தான் ஆசை. ஆனால் ராசாவிடம் போய் உங்கள் மூக்கில்தான் கோளாறு என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவளோடு சேர்ந்து இவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நம் ராசாவுக்கு இன்னொரு பெருமை உண்டு. மாறுவேடத்தில் அடிக்கடி ஊர் சுற்றுவார். யாரும் தன்னைக் கண்டுபிடித்ததில்லை என்பார். சமீபகாலமாக எங்கே போனாலும் ஜனங்கள் தன்னைப் புகழ்வதாகச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

மந்திரி அதைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று மாறுவேடத்தில் போய்க் கேட்டு வரலாமே, ராயரும் கூட வரட்டுமே என்றார். ராசா உற்சாகமாகக் கிளம்பினார். வாசனைதான் இல்லையே என்று வழக்கம்போல ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு, கந்தல் வேட்டியும் தலைப்பாகையுமாக உப்பு வியாபாரி ஆனார்.

நெசவாளர் தெருவில் ஒரு வீடு. கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "உப்புக்குக்கூட வரி போட்டா மனுசன் எதைத் திங்கிறது? இந்த ராசாவுக்குக் கொஞ்சமாச்சும் ஈவிரக்கம் இருக்கா?" என்று பொரிந்துகொண்டிருந்தது.

மூவரும் வாசலை நெருங்கினார்கள். உடனே ஒரு பெண் குரல், "வாயை மூடுய்யா, ராசா வர்றார்" என்றது.

"நம்ம ராசா மாதிரி உண்டா? தெய்வம்ல அவர்" என்றது அதே ஆண் குரல்.

ராசா கதவைத் தட்டினார். திறந்தவள் பயந்து கும்பிட்டாள்.

"கதவு சாத்தியிருக்கிறது. நான் பேசவும் இல்லை. நான் வருவது உனக்கு எப்படித் தெரிந்தது?"

"கண்ணு எதுக்கு சாமி? நீங்க தெருமுனைக்கு வந்ததுமே மூக்கு சொல்லிருச்சு. இந்த வாசனை வந்தா நல்லதா நாலு வார்த்தை பேசணும்னு ஊருக்கே தெரியுமே."

ராசா தன் கையை முகர்ந்து பார்த்தார்; அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ராயர் பக்கம் திரும்பி, "கதவுக்குள் இருந்தவளுக்குத் தெரிந்த வாசனை, பக்கத்தில் இருந்த உமக்கு ஏன் தெரியவில்லை?" என்று கேட்டார்.

"அரசே, ராயர் கொஞ்சம் மூக்கைச் சிந்தினால் தெரிந்துவிடும்" என்றார் மந்திரி. ராயர் சிந்தினார். மூக்கின் இரண்டு துவாரத்திலிருந்தும் பஞ்சு வந்து விழுந்தது. அடுத்த கணமே அவருக்குக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. இந்தத் தடவை ஆனந்தக் கண்ணீர் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பொழுது சாய்வதற்குள் ராசாவே அழகம்மை வீட்டுக்குப் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லி உத்தரவை ரத்து செய்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த மாசக் கடைசியில் கப்பல் வந்தபோது அவள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ராயருக்கு என்ன தண்டனை தெரியுமா? அவள் வடிக்கிற தைலம் ஒவ்வொன்றையும் பஞ்சில்லாமல் முகர்ந்து பார்த்து, சபையில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கு அதைவிடக் கசப்பு வேறில்லை.

ராசா சிகைக்காய் தேய்த்துக் குளித்தார். சில நாள் எதையும் பூசாமல் இருந்தார். அப்படியே ஒருநாள் தனியாக, மாறுவேடத்தில் சந்தைக்குப் போனார். முதல் கடையிலேயே உப்பு வரிக்காக அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். திரும்பி வந்து முதல் வேலையாக அந்த வரியை நீக்கினார். அப்புறம்தான் காதோரம் ஒரே ஒரு சொட்டு வைத்தார். கிராம்பு முதல்நாள் போலவே சுருக்கென்று ஏறியது.

"சந்தை எப்படி இருந்தது அரசே?" என்று மந்திரி கேட்டார்.

"முதலில் காரமாகத்தான் குத்தியது. ஆனால் அசல் சரக்கு, சொக்கேசரே" என்றார் ராசா.