பச்சைச் சட்டை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் நயினார். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நாங்கள் இரண்டு பேரும் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தோம். ஒரு நாள் ஒரு பெட்டி கோன் காணாமல் போயிற்று. நூல் சுற்றிய கோன். மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் நிறைய ஆள். நயினார் எழுந்து நின்று, மாசானம் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று சொன்னான்.

மாசானம் நான்தான்.

அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பெட்டி பிறகு கோடவுனிலேயே அகப்பட்டது. மில் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. நயினார் மட்டும், தான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு வர வேண்டியது அந்த ஒரு வார்த்தை. அது வராததால் ஊர் எனக்குக் கோன் என்று பெயர் வைத்தது.

மில்லை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தப் பெயர் மட்டும் இன்னும் ஷிப்ட் பார்க்கிறது.

இந்த வருஷம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் வாங்குவதற்காக ஒரு ஓட்டம் வைத்தார்கள். இருபத்தொரு கிலோமீட்டர். மலையடிவாரத்தில் கிளம்பி, கால்வாய்க் கரை சுற்றி, பஜார் ஆர்ச்சில் முடியும்.

நயினார் பெயர் கொடுத்தான். அவன் மனைவி பகவதி அந்த மெஷினுக்காகத்தான் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். பகவதி நல்லவள். அது வேறு கணக்கு.

கோனும் ஓடட்டுமே, தூக்கிக்கொண்டு ஓடிப் பழக்கம் உண்டே என்று நயினார் டீக்கடையில் சொன்னானாம். நான் அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்தேன்.

அவனுக்கு முன்னால் ஆர்ச்சில் போய் நிற்க வேண்டும். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது, ஊர் பார்க்க, அந்த வார்த்தையைக் கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவுதான் என் எண்ணம்.

பெயர் கொடுத்த எல்லாருக்கும் விடியலில் பயிற்சி கொடுத்தது ஜெபக்கனி டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். என் மகள் வயசு. வாயில் விசில் இருக்கும், பேச்சு இருக்காது.

தொடக்கத்தில் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். நயினார் முகத்தை நினைத்தால் போதும், கால் தானாகத் தரையில் இறங்கும்.

பிறகு அது நின்றுபோயிற்று. கோபம் இருந்தது. நெஞ்சு வரை இருந்தது. கால் வரைக்கும் வரவில்லை.

ஒரு விடியலில் நாங்கள் ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் போட்டிருந்தது. மற்றவர்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். நான் டீச்சர் பக்கத்தில் போனேன்.

"டீச்சர், காலையில எந்திரிக்க மனசு வரமாட்டேங்கு."

"முன்னால எப்படி எந்திரிச்சீங்க?"

நான் நயினார் கதையைச் சொன்னேன். கேன்டீன், கோடவுன், டீக்கடை, எல்லாம். மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று சொல்வார் என்று பார்த்தேன். அப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போய்விடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

டீச்சர் தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பினார். செங்கோட்டை வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகப் போயிற்று. கடைசிப் பெட்டி வந்ததும் டீச்சர் கையை நீட்டிக் காட்டினார். அங்கே கார்டு பச்சைக் கொடியோடு நின்றுகொண்டு போனார்.

"அவர் ஏறலைன்னா?" என்று கேட்டார்.

"வண்டி கிளம்பாது."

டீச்சர் பைக்குள் கைவிட்டு, கையில்லாத ஒரு பச்சைச் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அதோடு ஒரு விசில்.

இனிமேல் என்னைத்தான் இந்தக் கூட்டத்துக்குக் கார்டாக வைத்திருப்பதாகச் சொன்னார். நான் வந்தால்தான் எல்லாரும் கிளம்புவார்கள். ஓடும்போது எனக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கக் கூடாது. யாராவது முடியாமல் உட்கார்ந்தால் இரண்டு தரம் ஊத வேண்டும், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்.

"ஓட்டத்தன்னைக்கும் இப்படித்தானா?"

"அன்னைக்கும்தான்."

"அப்போ நயினாருக்குப் பின்னாலயா நான் ஆர்ச்சுக்கு வரணும்?"

"எல்லாருக்கும் பின்னால, அண்ணாச்சி."

கேட் திறந்தது. டீச்சர் ஓடிவிட்டார்.

மறுநாள் நான் போகவில்லை. வேண்டுமென்றேதான். வெயில் முகத்தில் விழுகிற வரை படுத்திருந்துவிட்டு, பால் வாங்கப் போகிற மாதிரி கேட் பக்கம் போனேன்.

எல்லாரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஆள் கிளம்பவில்லை. நயினார் ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அடுத்த நாளும் படுத்திருப்பேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். டீச்சர் விசில் ஊதினார். சுடுகிற ரோட்டில் அன்றைக்கு எல்லாரும் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு நான் தூங்கிப்போனதில்லை. மழை பெய்த நாளும் போனேன். மழைக்குள் யாராவது வந்து நின்றால் என்ன செய்வது? வந்து நின்றிருந்தார்கள்.

நாள் போகப் போக மற்றவர்கள் வேகம் பிடித்தார்கள். நயினாருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு ஆளாக அவனைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் அவன் என் முன்னால் வந்து சேர்ந்தான்.

அவன் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதுகை அப்போதுதான் பார்த்தேன். சட்டையில் தோள் பக்கம் ஒரு கிழிசல். நீலச் சட்டையில் வெள்ளை நூல் போட்டு இழுத்துத் தைத்திருந்தது. ஆம்பளைத் தையல். மெஷினுக்கு ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன பகவதி கை நன்றாக இருந்திருந்தால் அந்தச் சட்டை அப்படி வெளியே வந்திருக்காது.

அது வேறு கணக்கு என்று மறுபடியும் சொல்லிக்கொண்டேன்.

நயினார் திரும்பாமலே பேசினான்.

"வே கோனு, பின்னாலயே வராதேயும். முதுகு கூசுது."

"கூசட்டும்."

அன்றைக்கு டீச்சரிடம் போனேன். என்னால் இவனைவிட வேகமாக ஓட முடியும், ஒரே ஒரு நாள் தாண்டிப் போகிறேன் என்றேன். தாராளமாகப் போங்கள், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்.

கழுத்து வரை தூக்கிவிட்டேன்.

"நாளைக்கு யாரு கார்டு?"

"நயினார் அண்ணாச்சி. அவங்கதான் மெதுவா வர்றாங்க."

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ஓட்ட நாள் வந்தது. மலையடிவாரத்தில் நல்ல கூட்டம். கிளம்பின கொஞ்ச நேரத்தில் கூட்டம் வளைவில் மறைந்துபோயிற்று. ரோட்டில் நயினாரும் நானும் மட்டும். அவன் முன்னால், நான் பின்னால். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், என்ன அண்ணாச்சி, அவரை எங்கே விரட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள்.

பஜார் நெருங்குவதற்கு முன்னால் கால்வாய்ப் பாலம். அங்கே நயினார் நின்றான். பிறகு பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டான். முட்டி வீங்கியிருந்தது. மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

"நீரு போவும்வே. நான் பைய வாரேன்."

"போவ முடியாது. சட்டை போட்டிருக்கேன்."

"அப்போ ஊதும்."

நான் விசிலை வாயில் வைத்தேன். இரண்டு ஊது ஊதினால் வேன் வந்துவிடும். நயினாரை மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு போகும். ஆர்ச்சில் ஊர் பார்க்கும். பகவதியும் பார்ப்பாள்.

நயினார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாசானம்," என்றான்.

கேன்டீனுக்குப் பிறகு அவன் வாயில் என் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

"அந்த மில் விசயம்…"

நான் விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

"இங்க வேண்டாம்."

"பின்ன?"

"நீரு அதைச் சொன்னது கேன்டீன்ல, அம்புட்டு பேர் முன்னால. இங்க ரெண்டு கொக்குதான் நிக்கு. ஆர்ச்சுக்கு வந்து சொல்லும்."

"கால் எந்திரிக்கலவே."

"அது உம்ம பாடு. எனக்கு அது ஆர்ச்சுல வேணும்."

அவன் முட்டியை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நான் கை கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்தான். நான் ஒரு ஆள் தூரம் விட்டுப் பின்னால் வந்தேன். அவன் நிற்கப் பார்க்கும்போதெல்லாம், "கேன்டீன்" என்றேன். அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நடந்தான். பெட்ரோல் பங்க் வரை கேன்டீன். அரிசி மண்டி வரை கேன்டீன்.

ஆர்ச்சில் யாரும் கலைந்து போகவில்லை. கடைசி ஆள் வருகிற வரை நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்லி வைத்திருந்தார். பகவதி ஒரு நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். நயினாரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள்.

நயினார் கோட்டைத் தாண்டினான். அவனுக்குப் பின்னால் நான் தாண்டினேன். எனக்குப் பின்னால் ரோடு காலியாக இருந்தது.

நான் போய் அவன் எதிரில் நின்றேன். ஊர் நின்றது. கேன்டீனில் இருந்ததைவிடக் கூட்டம் அதிகம். நயினார் என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான். பகவதி அதில் தண்ணீரை ஊற்றினாள். அவனுக்குப் புரையேறிவிட்டது. இருமினான். இருமி முடிப்பதற்குள் யாரோ சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், முட்டியில் ஐஸ் வைத்தார்கள். டீச்சர் போய் அவனிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவன் மகன் ஆட்டோ கொண்டுவந்தான். கைத்தாங்கலாக ஏறி, பகவதியோடு போய்விட்டான்.

டீச்சர் கோடு போட்டிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"சொல்லாமலே போயிட்டான், டீச்சர்."

"இந்த மெஷின் பத்தாதுங்காங்க. தை மாசம் இன்னொரு ஓட்டம் வைக்கணும்."

நான் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக் கொடுத்தேன்.

"நயினார் வருவானா?"

"பேர் கொடுத்துட்டுத்தான் ஆட்டோவுல ஏறுனாங்க."

சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து, துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். விடியலில் கேட்டுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும்.

அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.