மழையைக் கூலிக்கு வச்ச எருமை

காட்டோரம் ஒரு மேட்டுல காரின்னு ஒரு எருமை சோளம் போட்டுப் பொழச்சுச்சு. மேட்டுக்குக் கீழ ஒரு குட்டை. அதுல ஒரு கெண்டை தன் குஞ்சுகளோட குடியிருந்துச்சு. காரியும் அதோட கன்னும் தண்ணி குடிக்கிறதும் அங்கதான்.

காரி வருஷம் பூரா சாணியக் குழியில சேர்க்கும். ஐப்பசி பொறந்தா குழியச் சுத்தி வரப்புக் கட்டி, பனையோலை போட்டு மூடிடும். தை மாசம் மண்ணு காஞ்ச பொறவுதான் எடுத்துச் சோளக் கொல்லையில எறைக்கும்.

அந்த வருஷம் குழி சீக்கிரமே ரொம்பிடுச்சு. இன்னொரு குழி வெட்டணும். கொம்பால வெட்டுறது லேசான வேலை இல்ல. காரி மலைச்சுப் போய் நின்னப்ப, முதுகுல ஒரு கொக்கு வந்து உக்காந்துச்சு. உண்ணி பொறுக்கத்தான் வரும். ஆனா பொறுக்குனதை விட யோசனை சொன்னதுதான் அதிகம்.

"எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? அத்தனையும் வாரிச் சரிவுல எறைச்சு விடு. மழை வந்து மண்ணோட கலக்கிடும். சோறு கேக்காத கூலியாள் வேற யாரு கெடைப்பா?"

காரிக்கு நியாயமாப் பட்டுச்சு. வேலையக் கொறைக்கிற யோசனை எல்லாமே நியாயமாத்தான் படும்.

கெண்டை கரையோரம் வந்து சொல்லிப் பாத்துச்சு. நாலு நாள் தூறல்லயே மண்ணு ஊறிப் போச்சு, இனிமே எதுவும் உள்ள எறங்காது, வழிஞ்சு இங்கதான் வரும், குஞ்சுங்க இன்னும் எள்ளு அளவுதான் இருக்குன்னு கெஞ்சுச்சு.

"கொல்லைய ஒரு நாளாவது கண்ணால பாத்திருக்கியா நீ?"ன்னு காரி கேட்டுச்சு.

"இல்லக்கா. அங்கேருந்து வர்றத மட்டுந்தான் பாத்திருக்கேன்."

காரி எறைச்சு முடிச்சுச்சு. மறுநாள் புடிச்ச மழை மூணு நாளா விடல. கூலியாள் வேலையில கொறையே இல்ல. இருந்த சாணி அத்தனையையும் அள்ளிக் கொண்டுபோய்க் குட்டையில சேர்த்துட்டான்.

தண்ணி காப்பி நெறத்துக்கு வந்துச்சு. மீனெல்லாம் மூச்சு முட்டி மேல வந்து வாயத் தொறந்துச்சு. கொக்கு கரையில ஒரே எடத்துல நின்னு, ஒரு அடி கூட நகராம தின்னுச்சு. அப்பத்தான் காரிக்கு அந்த யோசனை எதுக்கு வந்துச்சுன்னு வெளங்குச்சு.

கொட்டுற மழையில காரி சரிவுக்குக் குறுக்க கொம்பால ஒரு வாய்க்கால் வெட்டுச்சு. வெட்ட அலுத்துக்கிட்ட குழியப் போல அது மூணு மடங்கு இருக்கும். சாணித்தண்ணி தரிசுப் பக்கம் திரும்புச்சு. பாறையிலேருந்து வழியிற நல்ல தண்ணி மட்டும் குட்டைக்கு வந்துச்சு.

நாலாம் நாள் கொக்கு, தண்ணி நாறுதுன்னு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு வேற ஏரிக்குப் பறந்துடுச்சு. போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்லல. காரியோட கன்னு குட்டைய மோந்து பாத்துட்டு, குடிக்காம திரும்புச்சு.

"கெண்டை, இருக்கியா?"ன்னு காரி மெதுவாக் கூப்புட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு, பாறைத்தண்ணி விழுற மூலையிலேருந்து கெண்டை வந்துச்சு. பின்னால பாதிக் குஞ்சுங்க கூட இல்ல.

"என்னைத் திட்டவாவது செய்யி."

"திட்டிட்டு நான் எங்கக்கா போவேன்? நீதான் எங்க போவ? போயி அந்தக் குழிய வெட்டு."

காரி வெட்டப் போச்சு.

தண்ணியப் பத்தி யோசனை கேக்கணும்னா, அது கெட்டா பறந்து போயிடுறவங்ககிட்ட கேக்கக் கூடாது, அதுலயே கெடந்து வாழுறவங்ககிட்ட கேக்கணும்.