பூவாயிக்குப் பாறை மறுத்த கதை

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் கடல்பூவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பூவாயி என்ற கடல்பூவுக்கு அவள் பிறந்த பாறையிலேயே இடமில்லை என்றார்கள். அள்ளிக் கொடுத்தவளைப் பார்த்து, உன்னிடம் ஒன்றுமில்லையே என்று சொல்லித் துரத்தினார்கள்.

பூப்போல விரிந்து கைகளால் இரை பிடிக்கும் கடல்பூக்கள் எல்லாருக்கும் அப்போது அடியில் பசைப்பாதம் உண்டு. அதை அழுத்திப் பாறையில் ஒட்டிக்கொண்டால் எந்த நீரோட்டமும் அசைக்காது. ஒரு வாடைக்காலத்தில் புயல் வந்தது. பூவாயியின் அக்கா பூங்காவனத்துக்குப் பாதம் பிய்ந்துகொண்டு வந்தது.

"அடியே பூவாயி, உன் பசையைக் கொஞ்சம் கொடுடி. புயல் அடங்கினதும் தந்துடறேன்."

"கொடுத்துட்டு நான் எதுல நிக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? உன்னைக் கையில பிடிச்சுக்க மாட்டேனா?"

பூவாயி கொடுத்தாள். கொஞ்சமில்லை, பாதத்தோடு முழுவதையும் வழித்துக் கொடுத்தாள். அடுத்த அலையிலேயே அக்கா கையை விட்டாள். பூவாயி உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தாள்.

புயல் ஓய்ந்ததும் ஊர்ந்து ஊர்ந்து திரும்பினாள். அவள் இடத்தையும் சேர்த்து அக்கா அகலமாக உட்கார்ந்திருந்தாள். பஞ்சாயத்துக்குக் கிழட்டு நண்டு வந்தது.

"உனக்குப் பாதம் இருக்கா?"

"இல்ல."

"பாதம் இல்லாதவங்களுக்குப் பாறையில பங்கில்ல. அதுதான் வழக்கம்."

"என் பாதம் இப்ப யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க மாமா!"

"அது பஞ்சாயத்தோட கேள்வி இல்லம்மா."

"மனசுல வச்சுக்காதடி," என்றாள் பூங்காவனம். "ஊர் வழக்கத்தை நான் மீற முடியுமா?"

"நேரா ஓரடி நடக்கத் தெரியாதவர்கிட்ட நியாயம் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்றாள் பூவாயி.

பாறையே சிரித்தது. சிரித்ததோடு சரி. ஒருவர்கூட நகர்ந்து இடம் விடவில்லை.

சேற்றில் ஒட்ட எதுவுமில்லை. வந்த நீரோட்டமெல்லாம் அவளைப் புரட்டிப்போட்டது. அவள் உடம்பில் கொட்டுகிற நூல் ஏராளமாக இருந்தது. அக்காவைக் கொட்டிவிடலாமா என்று எத்தனையோ முறை நினைத்தாள். கொட்டினால் அக்காவுக்கு வலிக்கும், இவளுக்கு வீடு கிடைக்குமா? அடிமுனையால் சேற்றைத் துளைத்து இறங்கினாள். பாதி நூலை விஷம் உதறித் தன்னைச் சுற்றியே நெய்தாள். கோழையும் மணலும் அதில் அப்பித் தோல்போலக் கெட்டியான குழாயாயிற்று. இரை பிடிக்க வெளியே நீளக் கைகள் வைத்துக்கொண்டாள். பிடித்ததை யாரும் பிடுங்கிவிடாதபடி வாயைச் சுற்றிக் குட்டைக் கைகளும் வளர்த்தாள். வீடில்லாத புழுக்கள் வந்து கேட்டபோது குழாய்ச் சுவரிலேயே குடிவைத்தாள். பாதம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து மணலேறிப் பாறை மூடிப்போனது. பூங்காவனம் தட்டுத்தடுமாறி வந்து குழாய் வாயில் கை வைத்தாள்.

"பூவாயி, ஒரே வயித்துல பிறந்தவங்கடி நாம. உள்ள கொஞ்சம் இடம் கொடு."

பூவாயி அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவின் அடியில் பளபளத்த தன் பாதத்தைத்தான் பார்த்தாள்.

பூவாயியின் வழியில் வந்த குழாய்ப்பூ இன்றும் சேற்றில்தான் குடியிருக்கிறது. அன்று முதல் யார் கை பட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கும்போது அது சொல்வது, அன்று அக்காவுக்குச் சொன்ன அதே பதிலைத்தான்:

"பாதம் இருக்கிறவங்களுக்குச் சேத்துல பங்கில்லக்கா. அதுதான் வழக்கம்."