பறந்து பாராமல் சொன்ன குறி

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஒரு ஆண்கிளி குறி சொல்லி வந்தது. வருங்காலம் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. விடிந்ததும் உயரப் பறந்து பார்க்கும், அவ்வளவுதான். மேற்கு மலையில் மேகம் ஏறினால் "நாளைக்கு மழை" என்னும். தூரத்துப் பாதையில் ஆள் தெரிந்தால் "உன் வீட்டுக்கு விருந்தாளி" என்னும். சொன்னது நடந்தது. ஊர் கும்பிட்டது. குறி கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பிடி சோளம் வைத்தார்கள்.

தின்று தின்று கிளிக்கு உடம்பு வைத்தது. பறக்கச் சோம்பல்.

"என்ன சாமியாரே, மேலே போய் எத்தனை நாளாச்சு?" என்று காகம் கேட்டது.

"போடா. எனக்கு இங்கே இருந்தே தெரியுது."

அன்றைக்குத்தான் சடைச்சி என்ற ஒருத்தி குறி கேட்க வந்தாள். ஆடி பிறந்தும் மழை இல்லை. அவள் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு படி விதைச்சோளம்.

"சாமி, புள்ளைக ரெண்டு நாளாப் பட்டினி. இதைப் புழுதியில விதைக்கவா, இடிச்சுக் கஞ்சி காய்ச்சவா? மழை வருமா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"விதைச்சிரு. மூணாம் நாள் மழை" என்றது கிளி.

சடைச்சி விதைத்தாள். மூன்றாம் நாள் மழை வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. குறி கேட்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். பசி தாங்காமல் கிளி விதைத்த காடு ஒன்றில் இறங்கிப் புழுதியைக் கிளறியது. எறும்பு இழுத்தது போக நாலைந்து மணி அகப்பட்டது. தின்றுவிட்டு நிமிர்ந்தால், வரப்பில் சடைச்சி. மடியில் கைக்குழந்தை, அழத் தெம்பில்லாமல் கிடந்தது.

கல்லெடுத்து எறிவாள் என்று கிளி கழுத்தைச் சுருக்கியது.

"தின்னு சாமி" என்றாள் அவள். "நீ பொய் சொல்லுவியா? நான் கும்பிட்டதுலதான் ஏதோ குறை."

இல்லை தாயே, நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தது கிளி. சொல் கழுத்தோடு நின்றுவிட்டது. சொல் நின்ற இடத்தில் கழுத்தைச் சுற்றிலும் சிவந்தது.

அது பறந்து போகவில்லை. அவள் பின்னாலேயே நடந்து போய், வாசலில் கிடந்த மூங்கில் கூடைக்குள் தானாகப் புகுந்துகொண்டது.

மழை பிந்தி வந்தது. ஊரே விதைத்தது. சடைச்சியிடம் விதை இல்லை. ஆனால் சனங்கள் மறுபடி சோளத்தோடு வந்து கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சொல்லு சாமி, ஒரு வார்த்தை சொல்லு."

விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் கிளி வெளியே வந்து, கூரையிலிருந்து உதிர்ந்து கிடந்த ஓலைகளில் ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியது. ஓலையைப் புரட்டி அவர்களே ஏதேதோ அர்த்தம் சொல்லிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். வைத்த சோளம் சடைச்சியின் உலைக்குப் போனது, பிள்ளைகள் பிழைத்தார்கள். கிளி தனக்கென்று ஒரு சோளமணிக்கு மேல் தொடவில்லை.

அன்று முதல்தான் ஆண்கிளியின் கழுத்தில் அந்தச் சிவப்பு வளையம். சோசியக்காரர் கூண்டைத் திறந்ததும் அது வந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, ஒற்றை நெல்மணியை வாங்கிக்கொண்டு, வானத்தை நிமிர்ந்தும் பாராமல் உள்ளே போய்விடுவதும் அன்று முதல்தான். கதவு திறந்தேதான் இருக்கிறது.