கூத்தம்பாறை ரிஜிஸ்டர் ஆபீஸ் இடம் மாறிய விதம்

கூத்தம்பாறைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதைச் செய்வார்கள். சொன்னதற்கு மேலே ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார்கள். சொன்னதில் ஒரு துரும்பைக் குறைக்கவும் மாட்டார்கள். அதனால் அந்த ஊருக்கு மாற்றலாகி வருகிற அதிகாரிகள் முதல் மாதம் ரொம்பச் சந்தோஷமாக இருப்பார்கள். இரண்டாவது மாதம் மெடிக்கல் லீவு போடுவார்கள்.

அந்த ஊர் ரிஜிஸ்டர் ஆபீஸின் தலைமை எழுத்தர் ஆவுடையப்பன். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஆளிடம் குறை ஒன்றும் கிடையாது. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தைப் பதிவு செய்த கை, தன் பெயரை எழுத மட்டும் கூச்சப்பட்டது. கடைசியில் எதிர்ச்சாரியில் இருக்கும் கிளை நூலகத்தின் நூலகர் செண்பகவல்லிதான் வாய்விட்டுக் கேட்டாள், "சார், நாம கல்யாணம் பண்ணிக்கிடுவமா?" என்று. ஆவுடையப்பன் யோசித்து, மறுவாரம் எழுத்துமூலமாகச் சம்மதம் தெரிவித்தார்.

ஆனால் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை அவர் பார்த்த நல்ல நாள், ஆபீஸ் பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. இரண்டாவது தடவை மனுவோடு ஒரு ஜெராக்ஸ் இல்லை என்று கண்டுபிடித்து, தன் மனுவைத் தானே திருப்பி அனுப்பி, அடுத்த வாரம் வரும்படி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

செண்பகவல்லிக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், வர்ற திங்கக்கிழமை எமகண்டத்துக்கு முன்னால கையெழுத்து ஆயிரணும். ஆகலைன்னா எங்க சித்தி பாத்து வச்சிருக்க தென்காசி மளிகைக் கடைக்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன். பட்டுச்சேலையை எத்தனை தடவைதான் எடுத்து எடுத்து மடிச்சு வைக்கது?"

அந்த மளிகைக் கடைக்காரரை ஆவுடையப்பன் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று முதல் தென்காசி பஸ் ஹாரன் அடித்தாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்ப்பார். அவளை விட்டால் தனக்கு வேறு நாதியில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆபீஸை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டடம் பழசு, இடித்துக் கட்ட வேண்டும். அதுவரை நூலகத்தின் முன் ஹாலில் இருக்கலாம் என்று ஏற்பாடு. சார்பதிவாளர் கிருபாகரன் வேலூர்ப் பக்கத்து ஆள், வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆவுடையப்பன், ரெண்டு நாள்ல மாத்திடுங்க. திங்கக்கிழமை நான் வரும்போது இங்க எப்படி இருக்கோ அப்படியே அங்க இருக்கணும். எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உள்ளே போற ஒவ்வொண்ணையும் லைப்ரேரியன் கிட்ட காட்டிக் கணக்குல ஏத்திடுங்க. புரியுதா?"

"புரியுது ஐயா," என்றார் ஆவுடையப்பன். நிஜமாகவே புரிந்திருந்தது. அதுதான் வினை.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. ஆவுடையப்பன், பதிவறை எழுத்தர் தளவாய், அலுவலக உதவியாளர் மாசானம், மூன்றே பேர். மேஜை போயிற்று. மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்த செங்கல் போயிற்று. பீரோ, பீரோவின் மேலிருந்த தூசியை வழித்துக் கட்டிய பொட்டலம், எல்லாம் போயின. மூலையில் இருந்த ஒட்டடையை மாசானம் துடைப்பத்தில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து புது மூலையில் பொருத்தினான். சிலந்தி மட்டும் நடுரோட்டில் இறங்கிப் போய்விட்டது. தளவாய் அதற்கு ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்தார்.

வராந்தா பெஞ்சில் வெயிலுகந்தான் பாட்டையா உட்கார்ந்திருந்தார். வில்லங்கச் சான்று வாங்க முந்தின நாள் வந்தவர். "உக்காருங்க" என்றார்கள், உட்கார்ந்தார். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெஞ்சை அவரோடு சேர்த்துத் தூக்கினார்கள்.

பாதி ரோட்டில் பாட்டையா கண்விழித்தார். "என் நம்பரைக் கூப்பிட்டாச்சா?"

"இல்ல பாட்டையா. ரோட்டைக் கடக்கோம்."

"சரி, சரி," என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வாளிதான் சிக்கலாகப் போயிற்று. பழைய ஆபீஸின் மேலே தண்ணீர்த்தொட்டி கீறல் விட்டு, வருஷம் முழுக்கச் சொட்டும். அதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாளியை நூலகத்திலும் அதே இடத்தில் வைத்துவிட்டு மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, சொட்டு விழலியே," என்றான் மாசானம்.

"விழலைன்னா ஒரு உருப்படி குறையுதுன்னுல்லா அர்த்தம்," என்றார் தளவாய். ஆபீஸிலேயே மூளைக்காரர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

"அப்ப வாளியைத் திருப்பிக் கொண்டு போயிருவமா?"

"கிறுக்குப்பயலே, அதையும் எடுத்தா ரெண்டு உருப்படி குறையுமே. வாளி ஒண்ணு, ஒழுக்கு ஒண்ணு."

இருவரும் ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மனசுக்குள் திங்கக்கிழமை ஓடியது. கிருபாகரன் வந்து குறை கண்டுபிடித்தால் கோபப்படுவார், கோபப்பட்டால் கையெழுத்துப் போட மாட்டார், அப்புறம் தென்காசிதான்.

"மாசானம், மாடிக்குப் போ," என்றார். "கடப்பாரையை எடுத்துக்கோ."

நூலகத்துக்குக் கான்கிரீட் போட்ட காண்ட்ராக்டர் புண்ணியத்தில் கடப்பாரை அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. ஓட்டை வந்தது, ஆனால் தண்ணீர் வரவில்லை. மேலே தொட்டி இல்லையே. அதனால் மாசானம் ஒரு குடத்தோடு மாடியிலேயே தங்கி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும் என்று முடிவானது. முதல் சொட்டு வாளியில் டொக்கென்று விழுந்தபோது ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்ட சத்தம் அல்லவா.

அடுத்து கணக்கில் ஏற்றும் வேலை. செண்பகவல்லி சேர்க்கைப் பதிவேட்டை விரித்து, ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, மேஜை தொடங்கி ஒவ்வொன்றாக நம்பர் போட்டு முத்திரை குத்திக்கொண்டு வந்தாள். செங்கலுக்கு ஒரு நம்பர். தூசிப் பொட்டலத்துக்கு ஒரு நம்பர். தூங்கிக்கொண்டிருந்த பாட்டையாவை விட்டுவிட்டாள். அவர் நூலக உறுப்பினர், உறுப்பினருக்கு முத்திரை கிடையாது. தளவாய் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்ததால் அவரையும் விட்டாள். கடைசியில் நாற்காலிக்கு வந்தாள். நாற்காலியில் ஆவுடையப்பன் இருந்தார்.

"சார், நீங்க நேத்து இந்தக் கட்டடத்துல இருந்தீங்களா?"

"இல்லையே."

"இன்னிக்கு உள்ள வந்திருக்கீங்க."

"ஆமா, வந்திருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் நம்பர் போடணும்லா?"

ஆவுடையப்பன் எல்லாக் கோணத்திலும் யோசித்தார். அவள் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சட்டைக் கையை மடித்து நீட்டினார். அவள் வலிக்காமல் முத்திரையை ஒற்றி, மை காயும்வரை ஊதினாள். இன்னும் இரண்டு முத்திரை குத்தினால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

முத்திரை விழுந்த பொருள் எதுவும் நூலகத்தை விட்டு அதன் இஷ்டத்துக்கு வெளியே போகக்கூடாது. ஆகவே அவரை எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது.

"ஊரே அண்ணாச்சிகிட்டதான் சந்தேகம் கேக்குது. குறிப்புதவிப் பகுதியில வைங்க," என்றார் தளவாய்.

"குறிப்புதவின்னா இங்கயே வச்சுத்தான் பாக்கணும், வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. நாளைக்குக் கல்யாணம் ஆனா நான் என்ன செய்வேன்?" என்றாள் செண்பகவல்லி.

"அப்ப சரித்திரம்?"

"அவ்வளவு வயசு ஆகலை." இதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்தது.

கடைசியில் வாசலோரம் 'புதுவரவு' என்று எழுதியிருந்த தட்டில் அவரை உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தாயார் சொர்ணத்தம்மாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள்.

"ஏலே, இங்க என்னலே உக்காந்திருக்க?"

"கணக்குல ஏத்திட்டாங்கம்மா."

"நம்பர் போட்டா?"

"நம்பர் போட்டுத்தான்."

"அப்ப சரி," என்று நிம்மதியாக ரசத்தை ஊற்றினாள்.

திங்கக்கிழமை காலை கிருபாகரன் வந்தார். உள்ளே கால் வைத்ததும் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தார். ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. "வணக்கம் ஐயா," என்றது கண். கீழே பார்த்தார். பெஞ்சில் ஒரு பெரியவர், மூலையில் பழைய ஒட்டடை, புத்தகத் தட்டில் பட்டு வேட்டியும் மாலையுமாகத் தலைமை எழுத்தர். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய நூலகர்.

கிருபாகரனுக்கு வேலூரிலிருந்து வந்த களைப்பு மொத்தமும் தலைக்கு ஏறியது. "எல்லாத்தையும் எடுங்க! இந்த நிமிஷமே பழைய இடத்துக்கே தூக்கிட்டுப் போங்க!" என்று கத்தினார்.

உத்தரவு வந்துவிட்டது. மாசானம் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தான். செண்பகவல்லி கலங்கிய கண்ணோடு பதிவேட்டைத் திறந்து முதல் நம்பரைக் கோடு போட்டு அடித்தாள், மேஜை கிளம்பியது. அதன்மேலேதான் கல்யாணப் பதிவேடு இருந்தது. அடுத்த நம்பர் பெஞ்சு. பாட்டையாவோடு அதுவும் கிளம்பியது. கடிகாரத்தில் பத்தே கால். பத்தரைக்கு எமகண்டம்.

கேட்காமல் வாய் திறந்து பழக்கமில்லாத ஆவுடையப்பன் அன்று திறந்தார்.

"ஐயா! ஆபீஸ் எங்க வேணும்னாலும் போகட்டும். என்னை வேலையை விட்டுக்கூட அனுப்புங்க. எமகண்டத்துக்கு முன்னால ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. எனக்கு இவ வேணும் ஐயா!"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி செண்பகவல்லி கேட்டதே இல்லை. கிருபாகரனும் கல்யாணமானவர்தான், மனசு இளகிவிட்டது. வாசலுக்கு ஓடி, "தளவாய், அந்த மேஜையைத் திருப்புங்க!" என்றார்.

நடுரோட்டில் மேஜையோடு நின்ற தளவாய் பணிவாகச் சொன்னார்: "போகச் சொன்னீங்க ஐயா. போய்ச் சேந்தாத்தானே திரும்ப முடியும்?"

"அப்படின்னா அங்கேயே நில்லுங்க! மாப்பிள்ளை, நீங்க வெளியே வாங்க!"

"வர முடியாது சார்," என்று விசும்பினாள் செண்பகவல்லி. "வரிசைப்படிதான் நம்பரை அடிக்கணும். இவங்க கடைசி நம்பர். அடிச்சு முடிக்கச் சாயங்காலம் ஆயிரும்."

கிருபாகரன் தலையில் கை வைத்தார். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் தென்காசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் செண்பகவல்லிக்குப் பொறி தட்டியது. அடிக்கத்தான் நேரமாகும், இரவல் கொடுக்க நேரமாகாதே! சட்டென்று தன் உறுப்பினர் அட்டையை எடுத்தாள். மாப்பிள்ளையைத் தன் பெயரில் எழுதினாள். தவணைத் தேதிச் சீட்டைப் புத்தகத்துக்குப் பின்பக்கம்தான் ஒட்டுவது வழக்கம். பசை தடவி அவர் சட்டையின் முதுகில் ஒட்டினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

மேஜை வழியை மறித்ததால் பஸ் நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது சாட்சிக்குப் பெஞ்சிலிருந்த பாட்டையாவை எழுப்பினார்கள். "ஒருவழியா என் நம்பர் வந்துட்டு," என்று அவரும் சந்தோஷமாகப் போட்டார். எமகண்டம் பிறப்பதற்குள் ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சிரிக்கத் தெரியாத மனிதர், சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது என்றார்.

கிருபாகரன் அன்று மத்தியானமே மெடிக்கல் லீவு எழுதிக்கொடுத்தார்.

செண்பகவல்லி கணவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். இரவலில் இருக்கும் பொருளைக் கணக்கிலிருந்து அடிக்க விதியில்லை, அதனால் அவர் நூலகக் கணக்கிலேயே இருந்தார். தவணை தேனாக ஓடியது. கடைசி நாள் காலையில் அவரைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டு, நூலகத்துக்குக் கூட்டிவந்தாள். நூலகரே தவணை தப்பினால் ஊர் என்ன பேசும்? திருப்பிக் கொடுத்து மறுபடி தன் பெயரிலேயே புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

அங்கே சொர்ணத்தம்மாள் புத்தம்புது உறுப்பினர் அட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"போன வாரமே நீ லீவுல இருக்கும்போது வந்து முன்பதிவு பண்ணிட்டேன் தாயி," என்றாள்.

செண்பகவல்லி பதிவேட்டைப் புரட்டினாள். பதிவு இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆவுடையப்பன் பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதுகில் புதுச் சீட்டை ஒட்டினாள். மாமியாரிடம் கையெழுத்து வாங்கினாள். சொர்ணத்தம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

செண்பகவல்லிக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை ஓடிவந்து கூப்பிட்டாள்.

"அத்தே! பத்திரமா வச்சுக்கிடுங்க, நான் இன்னும் பாதிதான் படிச்சிருக்கேன். ஓரத்தை மட்டும் மடிச்சிராதீங்க!"